பதினோரு மணிக்கு மேல் வரும் செய்தி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூருக்குச் சற்று வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் நல்லவாடு என்ற மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. கூப்பிட்டவர் அந்த ஊர்ப் பிள்ளை, அங்கே வேலைக்குப் போயிருந்தவர். இந்தோனேசியாவில் நிலநடுக்கம், கடல் பொங்கிவிட்டது என்ற செய்தி காதில் விழுந்ததும் வீட்டுக்குப் பேசினார். இங்கேயும் கடல் தண்ணீர் ஊருக்குள் ஏறத் தொடங்கியிருக்கிறது என்று வீட்டில் சொன்னார்கள். எல்லோரையும் கிளப்பிக்கொண்டு உடனே ஓடச் சொன்னார் அவர். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் ஓர் அறிவு மையம் நடத்திவந்தது. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று மீனவர்களுக்குச் சொல்ல அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். பூட்டிக் கிடந்த கதவை உடைத்து, அந்த ஒலிபெருக்கியிலேயே ஊர் முழுக்க அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் ஊர். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதே காலையில் கடலூர் மாவட்டக் கரையோரம் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது.

ஆகவே, போன் கெட்டது, தொடாதே என்று சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் அப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அப்பாவின் குரல் வரும் வழியே அதுதான். என் கவலை வேறு. அதே கருவி, பதினான்கு பதினைந்து வயதில், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கையில் இருக்கும்போது உடம்புக்குள் என்ன செய்கிறது? பகலில் நீங்கள் பார்க்கும் வீடியோவைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. ராத்திரியைப் பற்றித்தான் பயம்.

உங்கள் ராத்திரி எப்படிப் போகிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பல வீடுகளில் போன் ஒன்றுதான். பகலெல்லாம் அது அப்பாவோடு துறைமுகத்தில் இருக்கும், அல்லது அம்மாவோடு வேலைக்குப் போயிருக்கும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் போனில் வரத் தொடங்கியதிலிருந்து, வீட்டுப்பாடமும் அறிவிப்பும் வாட்ஸ்அப் குரூப்பில் வருவது பழகிப்போய்விட்டது. அதனால் பிள்ளையின் முறை வருவதே சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, டிவி அணைந்த பிறகுதான். பாய் விரித்தாயிற்று. போர்வைக்குள் போன். வெளிச்சத்தைக் கடைசிப் புள்ளிவரை குறைத்தாயிற்று, அம்மா விழித்துவிடக் கூடாதல்லவா? கணக்கு நோட்டில் நாலாவது கேள்விக்கு விடை என்ன என்று கேட்கத்தான் திறந்தது. விடை வந்துவிட்டது. ஆனால் மேலே தோழியின் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று காட்டுகிறது. அது நிற்கிறது. மறுபடி காட்டுகிறது. என்ன எழுதி அழிக்கிறாள்? பார்க்காமல் எப்படிப் படுப்பது? இப்படியே பதினொன்றே முக்கால்.

இப்போது உடம்புக்குள் போவோம். மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு சின்னஞ்சிறு நரம்புக் கொத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்தாயிரம் நரம்பணுக்கள். இதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடல் சூடு குறைய வேண்டும், எப்போது கண் சொக்க வேண்டும் என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இருட்டத் தொடங்கியதும், மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பிக்கு இது தகவல் அனுப்பும். அந்தச் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். 'ராத்திரி வந்துவிட்டது' என்று உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு போகும் ஹார்மோன் அது. இந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

நம் தமிழ்நாட்டிலும் இந்தத் துறையில் அருமையான வேலை நடந்திருக்கிறது. பாடப்புத்தகங்களில் அதைப் பற்றி இன்னும் விரிவாக எழுத வேண்டும் என்பது என் ஆசை. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில், எலிகளை வைத்து உடல் கடிகாரம் பற்றியும் மெலடோனின் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரனும் அவர் குழுவினரும் ஒரு தனி அறையே அமைத்தார்கள். ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது, வெளியே பொழுது விடிந்ததா சாய்ந்ததா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. விரும்பி வந்தவர்கள் அதற்குள் நாட்கணக்கில் தங்கினார்கள். உலகின் வேறு சில இடங்களிலும் இப்படிப்பட்ட சோதனைகள் நடந்தன. அவற்றிலிருந்து தெரிந்தது என்ன? சூரியனைப் பார்க்காமல் விட்டால், பெரும்பாலான மனிதர்களின் உள் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும். அதாவது, நம்மை விட்டால் நாம் தினமும் சற்றுத் தாமதமாகத்தான் படுப்போம், சற்றுத் தாமதமாகத்தான் எழுவோம். காலை வெளிச்சம்தான் நம் முள்ளைத் திருப்பிச் சரியாக வைக்கிறது.

சந்திரசேகரன் குழுவின் இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மதுரைக்குப் பக்கத்துக் குகைகளில் வாழும் இலைமூக்கு வௌவால்களை வைத்துச் செய்தது, 1981இல் வெளியானது. வெளிச்சமே எட்டாத குகையின் உட்பகுதியில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். அதற்கு அந்தி தெரியாது, விடியல் தெரியாது. ஆனால் அதே குகையில் மற்ற வௌவால்கள் சுதந்திரமாக இருந்தன. அந்தியில் கூட்டமாக வெளியே பறந்துபோகும், விடிவதற்குள் திரும்பும். கூண்டுக்குள் இருந்த வௌவாலும் அந்த நேரத்துக்கே சுறுசுறுப்பானது! கூட்டாளிகள் இல்லாத தனிக் குகையில் வைத்தபோது அதன் கடிகாரம் தன் போக்கில் ஓடத் தொடங்கி வெளி உலகத்திலிருந்து விலகிப்போனது. வெளிச்சம் செய்யும் வேலையைக் கூட்டாளிகளின் நடமாட்டம் செய்திருக்கிறது.

வௌவாலுக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. மனிதரின் கடிகாரத்தை முதன்மையாகத் திருப்புவது வெளிச்சம்தான். ஆனால் வகுப்புக் குரூப்பை நினைத்துப் பாருங்கள். பத்தரை மணிக்கு முப்பது பேர் விழித்திருக்கிற குரூப்பில், முப்பத்தோராவது ஆளால் எப்படித் தூங்க முடியும்? காலையில் எல்லோரும் சிரிக்கிற விஷயம் தனக்கு மட்டும் தெரியாமல் போய்விடுமே என்ற பயம் யாருக்குத்தான் இருக்காது? அந்தப் பயம் நியாயமானது. உங்கள் வயதில் நண்பர்கள்தான் உலகம்.

ஒரு பள்ளியில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "நைட் மோடு போட்டுட்டா சரியாப் போயிடும்ல சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கண்ணின் விழித்திரையில், உருவத்தைப் பார்ப்பதற்காக அல்லாமல், பொழுதை அறிவதற்காகவே சில நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றில் மெலனாப்சின் என்ற பொருள் உண்டு. அது நீல வெளிச்சத்துக்கு அதிகமாகத் துடிக்கும். காலை வானத்தின் வெளிச்சத்தில் நீலம் நிறைய. போன் திரையின் வெளிச்சத்திலும் நீலம் இருக்கிறது. அதனால் கடிகாரம் கொஞ்சம் ஏமாறுகிறது. அமெரிக்காவில் பன்னிரண்டு பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள்; 2015இல் அது வெளியானது. ஐந்து நாட்கள், படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம், ஒளிரும் திரையில் புத்தகம் படிக்க வைத்தார்கள். இன்னொரு ஐந்து நாட்கள் அச்சுப் புத்தகம். திரையில் படித்த நாட்களில் மெலடோனின் குறைந்தது, அடுத்த நாள் அது சுரக்கும் நேரம் ஒன்றரை மணி தள்ளிப்போனது. ஆனால் கண் அயர எடுத்துக்கொண்ட நேரம்? பத்து நிமிடம்தான் கூடுதல். அதுவும் முழு வெளிச்சத்தில், நான்கு மணி நேரம் பார்த்ததற்கு.

பத்து நிமிடத்தை நைட் மோடு மிச்சப்படுத்தலாம். பேச்சில் கழிந்த நேரத்தை அது திருப்பித் தராது. உங்கள் தூக்கத்தைப் பெரும்பாலும் தின்பது திரையின் நிறம் அல்ல, முடியாமல் நீளும் பேச்சு. அந்தப் பையனிடம் இதைத்தான் சொன்னேன். அவனுக்கு ஏமாற்றம்தான்.

இதில் உங்கள் வயதுக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது, அதற்கு நீங்கள் பொறுப்பல்ல. பருவமடையும் வயதில் உள் கடிகாரமே ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் பின்னுக்கு நகர்கிறது. ஆறாம் வகுப்பில் ஒன்பது மணிக்குச் சாமியாடிய பிள்ளை, பத்தாம் வகுப்பில் பத்தரைக்கும் கொட்டக் கொட்ட விழித்திருப்பது சோம்பேறித்தனமும் அல்ல, திமிரும் அல்ல. மெலடோனினே தாமதமாகத்தான் வருகிறது. மேரி கார்ஸ்கடன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1970களின் பிற்பகுதியில், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு தூக்க முகாம் நடத்தினார். அதே பிள்ளைகளை ஆண்டுதோறும் வரவழைத்து, பத்து மணி நேரம் படுக்கையில் இருக்க விட்டு, எவ்வளவு தூங்குகிறார்கள் என்று அளந்தார். வளர வளரத் தூக்கம் குறைந்துவிடும் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். குறையவில்லை. பதின்வயதிலும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள். இன்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 13 முதல் 18 வயதுவரை எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது.

சரி, நம் ஊர்க் கணக்கைப் போடுவோம். பொதுத்தேர்வு எழுதும் வகுப்பு. பதினொன்றே முக்காலுக்குப் படுத்து, டியூஷனுக்காகக் காலை ஐந்தரைக்கு எழுந்தால் ஐந்தே முக்கால் மணி நேரம். குறைந்தது எட்டு வேண்டும். ஒரு ராத்திரிக்கு இரண்டேகால் மணி நேரம் கடன். திங்கள் முதல் சனி வரை பதின்மூன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கி இதை அடைக்கப் பார்க்கிறோம். அதில் இன்னொரு வில்லங்கம்: காலை வெளிச்சம் கண்ணில் படாமல் போவதால் கடிகாரம் மேலும் பின்னுக்கு நகர்கிறது. ஞாயிறு ராத்திரி தூக்கமே வராது. திங்கட்கிழமை முதல் வகுப்பில் கண் எரிவதற்குக் காரணம் பாடம் மட்டும் அல்ல.

அந்த இரண்டேகால் மணி நேரத்தில் என்ன நடந்திருக்க வேண்டும்? பகலில் நீங்கள் படித்தது முதலில் மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் தற்காலிகமாகப் பதிகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அந்தப் பதிவு மறுபடி மறுபடி ஓடவிடப்பட்டு, மூளையின் மேற்பரப்பில் நிலையாகச் சேர்கிறது. படிப்பின் இரண்டாம் பாதி தூக்கத்தில்தான் நடக்கிறது. வளர்ச்சி ஹார்மோனின் பெரும்பகுதி ஆழ்ந்த தூக்கத்தின்போதுதான் சுரக்கிறது. கோபத்தை அடக்குவது, அவசரப்படாமல் யோசிப்பது போன்ற வேலைகளைச் செய்யும் நெற்றிப் பகுதி மூளை, தூக்கம் இல்லாவிட்டால் முதலில் சோர்ந்துபோகிறவற்றில் ஒன்று. தம்பியை ஒன்றும் இல்லாததற்கு அடித்துவிட்டு அழுத நாள் ஒன்று உங்களுக்கும் இருக்கும். அதற்கு முந்தின ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தெரிந்தும் ஏன் கீழே வைக்க முடியவில்லை? அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் புறாக்களைக் கூண்டில் வைத்து, ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும்படி செய்தார். குறிப்பிட்ட தடவை கொத்தினால் நிச்சயம் தானியம் என்று வைத்தபோது புறா வாங்கித் தின்றுவிட்டுச் சற்று ஓய்வெடுத்தது. எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி மாற்றியபோது ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. போனைத் திறக்கும்போது சில சமயம் ஒன்றும் இருக்காது, சில சமயம் மனம் துள்ளும்படி ஒன்று இருக்கும். அது எப்போது என்று முன்கூட்டித் தெரியாததுதான் விரலை இழுக்கிறது. இப்படி எதிர்பாராத பரிசுக்கு மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வேலை செய்கிறது.

2016இல் வெளியான ஓர் ஆய்வில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 13 முதல் 18 வயதுவரை உள்ள 32 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, 148 படங்களைக் காட்டினார்கள். அவற்றில் 40 அவர்களே எடுத்துக் கொடுத்தவை. ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை 'லைக்' என்று கீழே காட்டியது. தன் படத்துக்கு நிறைய லைக் என்றதும், மூளையில் பரிசு கிடைத்தால் துடிக்கும் பகுதி பளிச்சென்று வேலை செய்தது. மற்றவர் படங்களிலும், ஏற்கெனவே நிறைய லைக் வாங்கியதாகக் காட்டிய படங்களையே இவர்களும் அதிகம் விரும்பினார்கள். இத்தனைக்கும் அந்த லைக் எண்ணிக்கை எதுவும் உண்மை இல்லை. ஆராய்ச்சியாளர்கள் தாங்களாகப் போட்டது. இந்த வயதில் பரிசுப் பகுதி முழு வேகத்தில் இருக்கும். அதற்குக் கடிவாளம் போடும் நெற்றிப் பகுதி முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். பெரிய பெரிய நிறுவனங்களில் படித்த பொறியாளர்கள், நீங்கள் திரையை விட்டு விலகாதிருக்கும் வழியை யோசிப்பதையே முழுநேர வேலையாகச் செய்கிறார்கள். ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையைத் தனியாக நிறுத்தி 'உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை' என்று திட்டுவது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

குறுஞ்செய்தியால் எழுத்து கெட்டுப்போகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் கணினியிலிருந்து ஒரு கைப்பேசிக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதுதான் முதல் குறுஞ்செய்தி. ஒரு செய்தியில் 160 எழுத்துக்கு மேல் போக முடியாது என்பதால் உலகம் முழுக்கப் பிள்ளைகள் சொற்களை வெட்டிச் சுருக்கினார்கள். இங்கிலாந்தின் கோவென்ட்ரி பல்கலைக்கழகத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, சுருக்கெழுத்தை அதிகம் பயன்படுத்தியவர்களின் வாசிப்புத் திறன் குறைவாக இல்லை, சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஒலியை எழுத்தாக உடைத்து விளையாடுவதும் ஒரு பயிற்சிதான். அதனால் அந்தக் கவலையை ஓரமாக வைத்துவிடலாம்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு ஆய்வு. 2012இல் வெளியானது, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் செய்தது. ஏழரை முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள 68 சிறுமிகளை, முன்பின் தெரியாதவர்கள் முன் நின்று பேசவும் கணக்குப் போடவும் வைத்தார்கள். கை நடுங்குகிற வேலை. முடிந்ததும் சிலர் அம்மாவை நேரில் பார்த்தார்கள். சிலர் அம்மாவோடு போனில் பேசினார்கள். சிலர் அம்மாவுக்குச் செய்தி டைப் செய்து பதில் வாங்கினார்கள். சிலருக்கு எதுவும் இல்லை. பிறகு உடலில் ஹார்மோன் அளவைப் பார்த்தார்கள். நேரில் பார்த்தவர்களுக்கும் குரலைக் கேட்டவர்களுக்கும் பதற்ற ஹார்மோனான கார்ட்டிசால் இறங்கியது, அன்பும் நம்பிக்கையும் உண்டாகும்போது ஊறும் ஆக்சிடோசின் ஏறியது. செய்தி அனுப்பியவர்கள்? அம்மாவிடம் பேசவே வாய்ப்பில்லாதவர்களோடு ஏறத்தாழ ஒரே நிலை. அம்மா அன்பாகத்தான் எழுதினாள். எழுத்து உடம்புக்குள் இறங்கவில்லை.

மஸ்கட்டிலோ சிங்கப்பூரிலோ அப்பா இருக்கும் பிள்ளைகளே, இதை இரண்டு தடவை படியுங்கள். 'சாப்பிட்டியா', 'ம்', 'படிச்சியா', 'ம்' என்று நாளெல்லாம் போகும் முப்பது செய்திகளைவிட, ஐந்து நிமிடப் பேச்சு அப்பாவுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. நல்லவாட்டுக்கு வந்ததும் ஒரு குரல்தான். தோழி அழுகிறாள், சண்டை, வருத்தம் என்றால் ராத்திரி பதினோரு மணிக்கு எழுதி எழுதித் தீர்க்கப் பார்க்காதீர்கள். காலையில் பக்கத்தில் உட்காருங்கள், இல்லையென்றால் கூப்பிட்டுப் பேசுங்கள். எழுத்தில் குரலின் ஏற்ற இறக்கம் கிடையாது. 'சரி' என்ற ஒரு சொல் கோபமா, சமாதானமா என்று தெரியாமல்தான் பாதி ராத்திரி போகிறது.

கண்ணும் கழுத்தும் பற்றிச் சுருக்கமாக. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போகிறது, அதனால்தான் கண் உலர்ந்து உறுத்துகிறது. தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. அறுபது டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பு தாங்கும் பாரம் 27 கிலோவுக்குச் சமம் என்று ஒரு மருத்துவர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். கிட்டப்பார்வை வராமலிருக்க, தினமும் வெட்டவெளியில் நேரம் செலவிடுவது உதவுகிறது என்பது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. வெயில் வெளிச்சத்துக்கு நம் ஊரில் குறைவில்லை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது, அதற்குக் காசும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

மின் வெளிச்சம் இல்லாத ராத்திரி எப்படி இருக்கும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பலா, முந்திரி மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் எத்தனை மணிக்குத் தூக்கம் வந்தது, எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது என்று அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டு எழுதுங்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் எட்டுப் பேர் ஒரு வாரம் கூடாரத்தில் தங்கினார்கள். டார்ச் விளக்குகூடக் கிடையாது, சூரியனும் விறகுத் தீயும்தான். ஒரே வாரத்தில் அவர்களுடைய மெலடோனின் சுரக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்துவிட்டது. கடிகாரம் கெட்டுப்போவதில்லை, தள்ளித்தான் போகிறது. திருப்பிவிட முடியும்.

திருப்பும் வேலையை ஒருவர் மட்டும் செய்தால் நடக்காது என்பதுதான் அந்தக் குகை வௌவாலை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது. தனியாகப் போனை வைத்துவிட்டவர் குரூப்பிலிருந்து தனித்துப்போவார், மூன்றாம் நாள் திரும்ப எடுத்துவிடுவார். ஆனால் வகுப்பே சேர்ந்து 'ஒன்பதரைக்கு மேல் யாரும் எழுத வேண்டாம்' என்று முடிவெடுத்தால் யாரும் எதையும் இழக்கவில்லை. ஆசிரியரிடம் கேட்டு, வீட்டுப்பாட அறிவிப்பு மாலை ஆறு மணிக்குள் வரும்படி செய்யலாம். வீட்டில் எல்லோருடைய போனும், அப்பா அம்மாவுடையதும் சேர்த்து, சார்ஜருடன் கூடத்து அலமாரிக்குப் போகட்டும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் செய்து 2017இல் வெளியிட்ட சோதனையில், போனை மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட, பக்கத்து அறையில் விட்டுவந்தவர்கள் கவனத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். பிறகு வேறு சிலர் செய்து பார்த்தபோது வித்தியாசம் அவ்வளவு பெரிதாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் நீங்களே செய்து பார்ப்பது நல்லது. செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது.

வேண்டியது ஒரு முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலும் ஒரு நோட்டும். நண்பர் ஸ்கேலின் மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே பூஜ்யம் இருக்கும் இடத்தில் உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடாமல் காத்திருக்கட்டும். அவர் சொல்லாமல் விடுவார், நீங்கள் பிடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டரில் பிடித்தீர்களோ அதிலிருந்து நேரத்தைக் கண்டுபிடிக்கலாம், ஏனென்றால் எல்லாப் பொருளும் ஒரே முடுக்கத்தில்தான் விழுகிறது. 15 செ.மீ. என்றால் 0.17 விநாடி, 20 என்றால் 0.20 விநாடி, 25 என்றால் 0.23 விநாடி. சின்ன வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக், 0.06 விநாடியில் அரை மீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

தினமும் காலை முதல் மணி அடிப்பதற்கு முன் பத்துத் தடவை பிடித்து, சராசரியை எழுதுங்கள். பக்கத்திலேயே முந்தின ராத்திரி படுத்த நேரம், எழுந்த நேரம், கடைசியாகப் போனைக் கீழே வைத்த நேரம். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், இருக்கிறபடியே எழுதுங்கள். பொய் நேரம் எழுதினால் சோதனை வீண், யாரும் திட்டப்போவதில்லை என்று ஆசிரியர் முதலிலேயே வாக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த இரண்டு வாரம் வகுப்பே சேர்ந்து ஒன்பதரைக்குக் குரூப்பை மூடிவிட்டு எழுதுங்கள். பயிற்சியாலேயே கை வேகமாகிவிடும் அல்லவா? அதைச் சரிபார்க்க, பக்கத்துப் பிரிவு நான்கு வாரமும் எதையும் மாற்றாமல் இதே சோதனையைச் செய்யட்டும். மாதக் கடைசியில் இரண்டு பிரிவின் எண்களையும் ஒரே வரைபடத்தாளில் இரண்டு நிறத்தில் போடுங்கள். வித்தியாசம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தாளை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். பெயர் வேண்டாம், வகுப்பும் ஊரும் போதும்.